பறப்பதற்கு அல்ல, காத்திருப்பதற்குக் காசு

பில் என்று எதைக் கையில் கொடுத்தாலும் நான் தொகைக்கு முன்னால் தேதியைத்தான் பார்ப்பேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வந்த பழக்கம். 2024 கடைசியில், ஹெலிகாப்டர் மீட்புச் செலவாக 132.62 கோடி ரூபாயைக் கேரளாவிடம் மத்திய அரசு கேட்கிறது என்று செய்தி வந்தபோதும் கண் தேதிக்குத்தான் போனது. வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போய் அரை வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் 2006-லிருந்து உள்ள பாக்கியும் சேர்ந்திருந்தது. இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் பழைய கணக்கு என்று கேரள உயர் நீதிமன்றமே கேட்டது.

எங்கள் டெஸ்க்கில் டிஸ்சார்ஜ் ஆகி முப்பது நாள் கழித்து ஒருத்தர் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தால், "இவ்வளவு நாள் எங்கே சார் இருந்தீங்க?" என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே பதினெட்டு வருஷம்.

நான் கேரளா பக்கமும் இல்லை, டெல்லி பக்கமும் இல்லை. விமானப்படை ஹெலிகாப்டர் சும்மா பறக்காது. எரிபொருள், உதிரி பாகம், பைலட் எல்லாம் யாரோ ஒருவர் கணக்கில் ஏறத்தான் செய்யும். என் கேள்வி வேறு. மலை சரிந்து கிடக்கும்போது ஒரு கலெக்டர் மனசில், "இதுக்கு நாளைக்கு பில் வருமா?" என்ற நினைப்பு ஒரு மூலையில் ஓடினால், அந்த ஏற்பாடு சரியான ஏற்பாடா?

இதையெல்லாம் எழுத வைத்தவர் போடியில் இருக்கும் என் தாய்மாமா. ஏலக்காய் வியாபாரம். மலைக்கு மேலே எஸ்டேட்டுகளில் யாருக்கு என்ன ஆனாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும், இரண்டாவது எனக்கு. போன தை மாசம் அப்படித்தான் ஒரு போன் வந்தது. மிளகு பறிக்க ஒத்தை மூங்கில் ஏணியில் ஏறினவர் கீழே விழுந்துவிட்டார், முதுகில் அடி, கால் உணர்வு இல்லை.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்தது மறுநாள் விடியும் முன். நடுவில் தேனி மருத்துவக் கல்லூரியில், எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வது போல க.விலக்கில், ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எஸ்டேட் முதலாளி எடுத்து வைத்திருந்த குழுக் காப்பீடு இருந்ததால் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். சிகிச்சைக்குக் காப்பீட்டுக் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவத்தை எடுத்து, கூட வந்த அண்ணன்காரரை உட்கார வைத்தேன்.

"எத்தனை மணிக்குண்ணே விழுந்தாரு?"

"பத்து இருக்கும்மா. வெயில் ஏறல."

"ரோட்டுக்கு எப்ப வந்தீங்க?"

"இருட்டிருச்சு தாயி."

அவர் சட்டையின் வலது தோளில் துணி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. உள்ளே தோல் கன்றிப்போய்க் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாகத் தூக்கி வந்ததில் மூங்கில் அழுத்திய இடம். துண்டை மடித்து வைத்துக்கொண்டால்கூட இறக்கத்தில் நழுவிவிடுமாம். நாலு நாலு பேராக மாற்றி மாற்றித் தூக்கியிருக்கிறார்கள். "ஏத்தத்த விட எறக்கந்தாம்மா கொடும. முன்னால பிடிக்கிறவன் மேலதான் அம்புட்டு பாரமும் வந்து சாயும்" என்றார். போர்வையில் சுருண்டு கிடந்தவருக்கோ முதுகெலும்பில் முறிவு. முதுகு முறிந்தவரை எப்படித் தூக்கக் கூடாதோ அப்படித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். வேறு எப்படித் தூக்குவது?

படிவத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் க்வெரி வந்துவிட்டது: விபத்து நடந்த நேரத்துக்கும் அனுமதித்த நேரத்துக்கும் இடையே உள்ள தாமதத்துக்குக் காரணம் விளக்கவும். "வாகனப் பாதை இல்லை, டோலியில் கொண்டுவரப்பட்டார்" என்று பதில் போட்டேன். அதற்கும் ஒரு க்வெரி: டோலியில் கொண்டுவந்ததற்கு ஆவணம் இணைக்கவும். கடைசியில் வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஆளுக்கு உயிர் தப்பியது. கால் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

மாமாவுக்கு அன்றிலிருந்து ஒரே யோசனை. "ஏத்தா, ஏல வியாபாரி எல்லாரும் சேந்து ஒரு ஹெலிகாப்டர் வாங்கிப் போட்டா என்ன? கோயிலுக்குக் கோபுரமே கட்டிட்டோம், இது முடியாதா?"

முடியும் மாமா, வாங்க முடியும் என்றேன். வைத்திருக்கத்தான் முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மிளகுக்காரருக்கு ஹெலிகாப்டர் வந்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்குமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஊரில் இறங்க இடம் இல்லை. மரத்துக்கு மேலேயே நின்று வின்ச் கயிறு விட்டு ஆளை இறக்கி, ஸ்ட்ரெச்சரோடு தூக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற குழு வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் யாரும் வர முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று கோவை பக்கம் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே மேகத்துக்குள் மாட்டி விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தது நமக்குத் தெரியும். நாட்டின் மிக உயர்ந்த ராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு போன இயந்திரத்துக்கே மலை அப்படி.

போடிக்கு மேலே இருக்கும் குரங்கணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். முதலமைச்சர் கேட்டு, பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டு, சூலூரிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ராத்திரியில் கருகிய பிள்ளைகளைப் போர்வையில் போட்டுத் தூக்கி இறக்கியது ஊர்க்காரர்களும் வனத்துறை ஆட்களும்தான். மொத்தம் 23 உயிர் போனது.

"சூலூர் தூரம், அதான் லேட்டு. மதுரை ஏர்போர்ட்டுல ஒண்ணு நிப்பாட்டணும்" என்பார் மாமா. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நேர்கோட்டில் சூலூரிலிருந்தும் மதுரை விமான நிலையத்திலிருந்தும் குரங்கணி ஏறக்குறைய ஒரே தூரம்தான், நூறு கிலோமீட்டர் வாக்கில். பறக்க அரை மணி. அன்றைக்கு நேரத்தைத் தின்றது தூரம் இல்லை. யாரிடம் கேட்பது, யார் உத்தரவு போடுவது என்று கீழிருந்து மேலே போய் மறுபடி கீழே வர வேண்டிய பாதைதான் தின்றது. மீட்புக்கென்றே நிற்கிற ஒரு இயந்திரம் இருந்தால் அதற்கு அந்தப் பாதை கிடையாது. 108-க்குக் கூப்பிட்டால் வண்டி கிளம்புவது போல, அங்கேயே முடிவெடுத்துக் கிளம்பிவிடும்.

ஆக, நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது பறப்பதை அல்ல, தயாராக நிற்பதை. ஹெலிகாப்டர் செலவில் பெரும்பகுதி அது தரையில் நிற்கும்போதே ஆகிற செலவு. ஷிப்டுக்கு ஷிப்டு பைலட், இன்ஜினியர், வின்ச் ஆள், டாக்டர், நர்ஸ், காப்பீடு, மணிக்கணக்கு வைத்துக் கழற்றி மாட்ட வேண்டிய பாகங்கள், மாசா மாசம் பயிற்சிப் பறப்பு. ஒரு மாசம் முழுக்க ஒருத்தர்கூட மலையிலிருந்து விழவில்லை என்றாலும் இத்தனையும் உண்டு. நன்கொடை வசூலில் இதுதான் சிக்கல். புது இயந்திரம் வாங்க என்றால் அள்ளிக் கொடுப்பார்கள், பெயர் பொறிக்கலாம். எட்டாவது வருஷம் கியர்பாக்ஸ் மாற்ற என்று கேட்டால் யார் தருவார்கள்? அதில் யார் பெயரைப் பொறிப்பது?

பறந்தால்தான் காசு என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே தனியார் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்கள் ஒரு நோயாளியை ஏற்றினால்தான் பில் போட முடியும். நிற்பதற்குக் காசு இல்லை. அதனால் நிற்கிற செலவையும் சேர்த்து ஏறினவர் தலையில் கட்டுகிறார்கள். 2017-இல் ஒரு தடவை ஹெலிகாப்டரில் ஏறியதற்குப் போட்ட பில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற தொகை 36,400 டாலர் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தது. மயக்கத்தில் கிடந்தவர் "உங்க கம்பெனி என் இன்சூரன்ஸ் நெட்வொர்க்குல இருக்கா?" என்று கேட்டா ஏறுவார்? கண் விழித்ததும் தபாலில் பில். 2022 ஜனவரியில்தான் சட்டம் போட்டு அந்த திடீர் பில்லுக்குக் கடிவாளம் போட்டார்கள்.

இதில் நோயாளிக்கு மட்டும் ஆபத்து இல்லை. பனி இறங்கியிருக்கும்போது "இன்னிக்கு வேண்டாம்" என்று பைலட் சொல்ல வேண்டும். அந்த "வேண்டாம்" கம்பெனிக்கு நஷ்டம் என்றால், அவர் எத்தனை தடவை சொல்வார்? குன்னூரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. கடலிலோ மலையிலோ மாட்டினால் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வரும், அது அரசாங்கச் செலவு. ரோட்டில் அடிபட்டால் வருகிற ஏர் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் தர்ம ஸ்தாபனம். உண்டியல், லாட்டரி, பழைய துணிக்கடை வருமானம். லண்டனில் இரண்டு பழைய ஹெலிகாப்டர்களை மாற்ற 1.5 கோடி பவுண்டு பொதுமக்களிடம் வசூலித்தார்கள், 2024-இல் புதுசு பறக்க ஆரம்பித்தது. மெச்சத்தான் வேண்டும். ஆனால் நம் ஊரில் அது ஓடாது என்று நினைக்கிறேன். நாம் கொடுக்காதவர்கள் இல்லை. ஆனால் நாம் கொடுப்பது நாள் பார்த்து, விசேஷம் பார்த்து, ஆள் பார்த்து. வருஷா வருஷம் ஒரே தொகை, எதுவும் நடக்காவிட்டாலும் கொடுப்பது என்பது வேறு.

அப்படியும் ஒன்று நம்மிடம் உண்டு என்று சொன்னவர் மாமாதான். ஸ்விட்சர்லாந்தின் ரேகா அமைப்பைப் பற்றி நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். 1952-இல் ஆரம்பித்தது. ஆல்ப்ஸ் மலையில் மாட்டினவர்களைத் தூக்கி வருவது அதன் வேலை. 1966-லிருந்து, வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டிப் புரவலர் ஆகலாம் என்று வைத்தார்கள். இப்போது தனி ஆளுக்கு 40 பிராங்க். தொண்ணூறு லட்சம் ஜனத்தொகையில் 35 லட்சத்துக்கும் மேல் புரவலர்கள். விபத்து நடந்தால் முதலில் அந்த ஆளின் காப்பீட்டிடம் பணம் கேட்பார்கள். அது தராத பாக்கியைப் புரவலர் என்றால் விட்டுக்கொடுப்பார்கள்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தலைக்கட்டு வரிடி அது!" என்றார்.

சரியாகத்தான் பிடித்தார். திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு பண்ணும். கோடீஸ்வரனும் அதே தொகை, கூலிக்காரனும் அதே தொகை. கொடுத்தவனுக்குத் தனியாக ஒரு பலனும் இல்லை, தேர் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கும். வரி கட்டாதவன் வீட்டுக்குத் தேர் போகாதா என்று கேட்டால், போகும். அவனுக்குத்தான் கூசும். ரேகாவும் அப்படித்தான். கட்டாதவன் பனிப்பாறை இடுக்கில் கிடந்தாலும் போய்த் தூக்குவார்கள்.

ஆனால் மாமாவின் உற்சாகத்தில் ஒரு இடத்தில் நான் தண்ணீர் ஊற்றினேன். அந்த நாட்டில் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். புரவலர் பணம் அதற்கு மேலே நிற்கிறது. நம்மிடம் அந்த அடித்தளம் பாதிதான் இருக்கிறது. தனியார் பாலிசிகளில் "ஏர் ஆம்புலன்ஸ் உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் முன் அனுமதி வேண்டும், டாக்டர் சான்று வேண்டும், இவ்வளவுக்கு மேல் கிடையாது. மலைக்கிராமத்தில் டவரே கிடைக்காத இடத்தில் யார் முன் அனுமதி வாங்குவது? அந்தப் பிரிவை நம்பி ஒரு பாலிசி எடுக்காதீர்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபர் 29-இல் இலவச ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைத் தொடங்கி வைத்தார் பிரதமர். அடுத்த மே 17-ஆம் தேதி அது கேதார்நாத்தில் இறங்கும்போது வால் உடைந்து விழுந்தது, நல்லவேளையாக உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அது உடைந்த நாளிலிருந்து சேவையே இல்லை என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரசே ஏர் ஆம்புலன்ஸ் தருகிறது. எங்கள் தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் பதிவு செங்கலிலேயே முடிந்துவிடும்.

கேரளாவின் இன்னொரு கணக்கு எனக்கு ரொம்ப உபயோகப்பட்டது. 2020-இல் அவர்கள் போலீஸுக்கென்று ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்தார்கள். மாசம் 20 மணி நேரம் பறக்க 1.44 கோடி. கொரோனா நேரத்தில் இது என்ன ஊதாரித்தனம் என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அந்த மே 9-ஆம் தேதி, திருவனந்தபுரத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு அம்மாவின் இதயத்தை அதில் கொச்சிக்குக் கொண்டுபோய் இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. பிற்பாடு வேறு கம்பெனியோடு மாசம் 25 மணி நேரத்துக்கு 80 லட்சம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதே மாதிரி வேலைக்குக் கிட்டத்தட்ட பாதி விலை. டெண்டர் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 80 லட்சத்தை எடுத்து நம் பக்கத்துக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 9.6 கோடி, வரி தனி. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆறு மாவட்டமும் சேர்ந்து 2011 கணக்குப்படி 1.1 கோடி ஜனம். தலைக்கு ஒன்பது ரூபாய்கூட வரவில்லை. போலீஸ் ஹெலிகாப்டரில் வின்ச் குழுவோ டாக்டரோ வென்டிலேட்டரோ கிடையாது. அதனால் மூன்று மடங்கு ஆகட்டும் என்று வைத்தாலும் தலைக்கு 26 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருஷம் நூறு ரூபாய் சொச்சம்.

அதற்காக ரேஷன் கார்டுக்கு நூறு ரூபாய் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டோலி தூக்குகிற ஊரில் போய் ஹெலிகாப்டர் வரி கேட்க எனக்கு வாய் வராது. அவர்கள் ஏற்கெனவே தோளால் கட்டிவிட்டார்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து எடுக்கலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் ஒரு சின்னப் பங்கு. இது புதுசும் இல்லை. மோட்டார் வாகன விபத்து நிதி என்று ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது, காப்பீட்டு நிறுவனங்களின் பங்கு அதில் சேர்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை என்று 2025 மே மாதம் அறிவித்த திட்டம் அந்த நிதியில்தான் நிற்கிறது. இரண்டாவது, மலைக்கு உல்லாசமாகப் போகிறவர்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக முடிகிறது. அந்த பாஸ் இலவசம். வெளியூர் காருக்கு ஐம்பது ரூபாய் வைத்தால் யாரும் பாதி வழியில் திரும்பிப் போக மாட்டார்கள். மலையில் குடியிருப்பவருக்கும் காய்கறி வண்டிக்கும் கிடையாது. மீதியை மாநில பட்ஜெட் போட வேண்டும், மூன்று வருஷத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, மாசா மாசம், பறந்தாலும் பறக்காவிட்டாலும்.

காப்பீடு உள்ளவரைத் தூக்கி வந்தால் பில் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். எனக்கு வேலையே அதுதான். ஆனால் அந்த பில் கம்பெனிக்குப் போகட்டும், வருகிற பணம் இந்த ஹெலிகாப்டருக்கான நிதியில் சேரட்டும். படுத்திருப்பவர் வீட்டுக்கு அதன் நகல்கூடப் போகக் கூடாது.

இதை நான் ஆசைக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வருவதற்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு ரிங் ரோட்டில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தால், கவுண்டரில் முதல் பேச்சு அட்வான்ஸ் பற்றித்தான் இருக்கும். கூட வந்தவர் யாரோ வழிப்போக்கராக இருப்பார், போனில் யார் யாருக்கோ அடிப்பார். மோதிரத்தைக் கழற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு பணம் தரும் என்று ஆன பிறகு (முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம்) அந்தப் பேச்சு கவுண்டரை விட்டே போய்விட்டது. சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பு, ரத்தம் ஏத்து, அப்புறம் பேப்பர். காசு யார் தருவது என்று முன்னாலேயே முடிவாகிவிட்டால் டாக்டரின் கை வேகமாகிறது. மலையிலும் அதேதான் நடக்கும்.

எனக்குப் பயமே வேறு ஒன்றில். ஹெலிகாப்டர் நிற்கிறது என்று தெரிந்தால் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலையில் விழுகிறவர்களைவிட அதிகம். தேர்தல் நேரத்தில் பாருங்கள், இறங்க இடம் இல்லை என்று ஒரு ஊரிலும் சொல்வதில்லை. ஒரே ராத்திரியில் பொட்டலைச் சமப்படுத்தி, எச் எழுத்துப் போட்டு, புழுதி கிளம்பாமல் லாரித் தண்ணீர் தெளித்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் திறமையை அகமலை, வெள்ளகவி மாதிரி மலைக்கிராமங்களில் காட்டினால் எவ்வளவு புண்ணியம்! எனவே ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: நோயாளியும் மீட்பும் தவிர வேறு யார் ஏறினாலும், யாராக இருந்தாலும், சந்தை வாடகையை மணிக்கணக்கில் நிதிக்குக் கட்ட வேண்டும். எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம், எதற்காக என்ற பட்டியல் மாசா மாசம் பொதுவில் வர வேண்டும். நோயாளி பெயர் வேண்டாம், மற்றவர்கள் பெயர் வேண்டும்.

வெள்ளத்துக்கு மட்டும் விமானப்படையே இருக்கட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டபோது, சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதும் கர்ப்பிணி உட்படச் சிலரை மதுரைக்குத் தூக்கி வந்ததும் ராணுவ ஹெலிகாப்டர்கள்தான். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒற்றை இயந்திரம் பத்தாது. அந்தச் செலவைத் தேசியப் பேரிடர் நிதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருஷம் கழித்து மாநிலத்துக்குத் தபால் போடக் கூடாது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும்டி. அதுவரைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. ரோடு போட வனத்துறை அனுமதி கிடைக்காத ஊர்களுக்கு ரோடு சீக்கிரம் வரப்போவதில்லை. ஹெலிகாப்டர் அதைவிடத் தாமதம். இதற்கு நடுவில் அடுத்த தை வரும், மிளகு பழுக்கும்.

எங்கள் எமர்ஜென்சி டாக்டரிடம் கேட்டேன். முதுகு, கழுத்து அசையாமல் வைத்துத் தூக்க மடக்கு ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, பெல்ட்டோடு, நாலு பேர் தோளில் மாட்டிக்கொள்ளலாம், மலைப்பாதைக்கு ஏற்றது என்றார். கழுத்துப் பட்டையும் சேர்த்து ஊருக்கு ஒரு செட் வைத்து, இளவட்டங்கள் நாலு பேருக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தால் போதுமாம். இதற்கு வேண்டுமானால் ஏல வியாபாரிகள் வசூல் பண்ணலாம், ஒரு தடவைச் செலவுதான், பெயரும் பொறித்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். "எத்தனை ஊரு, என்ன விலைன்னு எழுதி அனுப்பு" என்றார். எங்களுக்கு மருத்துவச் சாமான் சப்ளை பண்ணுகிற கடையில் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். பத்துக்கு மேல் எடுத்தால் விலை குறைப்பார்களா என்றும் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்கள்.